74 லேவியர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபிலோனிலிருந்து யூதர்கள் திரும்பியதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாரசீக மன்னர் கோரேஸின் ஆணையையும், திரும்பியவர்களை நடத்தி வந்த செருபாபேலின் தலைமையையும் அருமையாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். ஆனால், கி.மு. 515இல் ஆலயம் கட்டி முடிந்த பிறகே எருசலேமில் வழிபாடு மீண்டும் தொடங்கியது என்று அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேதாகமத்தில் எஸ்றா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். திரும்பி வந்தவர்கள் ஏழாம் மாதத்தில் எருசலேமில் கூடுகிறார்கள். பலி செலுத்தும் பொறுப்புள்ள ஆசாரியரான யெசுவாவும் அவருடைய சகோதர ஆசாரியர்களும் செருபாபேலும் சேர்ந்து முதலில் கட்டியது பலிபீடத்தைத்தான். சுவர் இல்லை, கூரை இல்லை, அஸ்திவாரம்கூடப் போடவில்லை. போதாக்குறைக்குச் சுற்றியிருந்த மக்களைப் பற்றிய பயம் வேறு. அந்த நிலையிலும் காலைப் பலி, மாலைப் பலி இரண்டையும் திறந்த வானத்தின் கீழே தொடங்கிவிட்டார்கள். ஆலயம் முடிவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே!

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொரு விஷயமும் உண்டு. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் வகுப்பெடுத்த நானும் பிள்ளைகளை அதை வாசிக்கச் சொன்னதில்லை. அது தவறு. யெதாயா, இம்மேர், பஸ்கூர், ஆரீம் ஆகிய நான்கு குடும்பங்களின் ஆசாரியர்கள் 4,289 பேர். ஆலயப் பணிகளில் ஆசாரியருக்குத் துணைநிற்கும் லேவியர்களோ 74 பேர்! பாடகர்கள் 128, வாசல் காவலர்கள் 139. பலி செலுத்த ஆள் ஏராளம்; பக்கத்தில் நின்று பணிவிடை செய்யத்தான் ஆள் இல்லை. பின்னாளில் வேதச் சட்டத்தில் தேர்ந்த வேதபாரகரான எஸ்றா இன்னொரு கூட்டத்தோடு பாபிலோனிலிருந்து புறப்பட்டு, அகாவா ஆற்றங்கரையில் மூன்று நாள் தங்கிப் பார்த்தபோது ஒரு லேவியர்கூட அங்கே இல்லை. ஆளனுப்பி அழைத்த பிறகு வந்த லேவியர்கள் 38 பேர்.

லேவியருக்கு நிலத்தில் பங்கு கிடையாது. மக்கள் விளைச்சலில் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம்தான் அவர்களுடைய சாப்பாடு. இடிந்து கிடந்த ஊரை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு வர அவர்கள் தயங்கியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தயக்கம் நியாயமானது என்பதை நெகேமியா புத்தகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் காட்டுகிறது. ஆலயம் எழும்பி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கட்டடம் நிற்கிறது. ஆனால் பங்கு கொடுக்கப்படாததால் லேவியரும் பாடகரும் பிழைப்பு தேடி வயல்களுக்கு ஓடிப்போய்விட்டார்கள். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தூபவர்க்கமும் ஆலயப் பாத்திரங்களான பணிமுட்டுகளும் வைக்க வேண்டிய பெரிய அறையை ஆசாரியர் எலியாசிப் தம் உறவினர் தொபியாவுக்குக் கொடுத்திருந்தார். யூதாவின் ஆளுநராக இருந்த நெகேமியா வந்து தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார். அறையைச் சுத்திகரிக்கச் செய்து, பணிமுட்டுகளையும் தூபவர்க்கத்தையும் மீண்டும் வைத்தார். லேவியரைத் திரும்ப அழைத்து அவரவர் நிலையில் நிறுத்தினார். பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஓர் ஆசாரியர், ஒரு வேதபாரகர், ஒரு லேவியர் ஆகியோரிடம் ஒப்படைத்தார்.

வழிபாட்டை மீட்டது கல்லும் கேதுரு மரமும் மட்டும் அல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதினேன். கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த 74 பேருக்கும் இடம் கொடுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை