மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பாலக்கோட்டிலிருந்து அக்கா எழுதுகிறேன். "லித்தியம் போட ஆரம்பிச்சதிலிருந்து கவிதையே வரலக்கா, நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாய். மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் உன் இருமுனை நோய்க்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

பைத்தியம் பிடித்தால்தான் மேதை என்பது டாக்டர்களும் சேர்ந்து பரப்பிய கதை. இத்தாலியில் லோம்ப்ரோசோ என்ற டாக்டர் 1864இல் அதற்கு ஒரு புத்தகமே போட்டார். மேதைமையே ஒருவகைச் சீரழிவு நோய் என்பது வரை போனார். 1897இல் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயைப் பார்க்கப் போனார். நோயாளியைத் தேடிப் போனவர் கண்டது திடமான ஒரு கிழவரை. இருவரும் நீந்தப் போனார்கள். மூச்சு வாங்கியது லோம்ப்ரோசோவுக்குத்தான். அப்போதும் அவர் தன் கொள்கையை விடவில்லை.

அதற்காக, தொடர்பே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஸ்வீடனில் சுமார் 3 லட்சம் மனநோயாளிகளின் பதிவேடுகளை அலசி 2011இல் ஒரு ஆய்வு வந்தது. இருமுனை நோய் உள்ளவர்கள் படைப்புத் தொழில்களில் கூடுதலாகவே இருந்தார்கள். ஆனால் நோயே இல்லாத அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் அப்படித்தான் இருந்தார்கள். இதை வாசித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. ராகிக் கொல்லையில் களை எடுக்கும்போது நினைத்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டுவாளே, அவளுக்கு என்ன நோய் இருந்தது? உனக்கு வந்த சொல் அவளிடமிருந்து வந்தது தம்பி.

டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்று ஒரு டாக்டர். லித்தியத்துக்காகவே வாழ்ந்தவர். அவர் தம்பியும் மனச்சோர்வில் விழுந்து விழுந்து, லித்தியத்தால் தேறியவர். நீ கேட்டதையே அவர் லித்தியம் சாப்பிடும் 24 கலைஞர்களிடம் கேட்டு 1979இல் எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைத்தார்கள். 6 பேருக்கு மாற்றம் இல்லை. 6 பேருக்குக் குறைந்தது. அந்த 6 பேரில் நீ ஒருவனாக இருந்தால், அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்போம். நீயாக நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

போன ஆடியில் நீ ஐந்து ராத்திரி தூங்காமல் எழுதிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. முதல் நான்கு பக்கம் அருமை. அப்புறம் ஒரே சொல் சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் கையெழுத்தே இல்லை, கிறுக்கல். அதைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு நானும் வருகிறேன். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கணும், நேரத்தைக் குறித்து வை. கை நடுங்குவதையும் சொல்லிவிடலாம். போகும்போது பஸ்ஸில் அம்மாவின் களையெடுப்புப் பாட்டை எழுதிக் கொடு. மூன்றாவது அடி எனக்கு மறந்துவிட்டது.

உன் அக்கா