பத்துக்கு ஒன்பதரை: பாடக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 2024-இல் கேரளத்தில் நாலு வருடப் பட்டப்படிப்பு வந்ததிலிருந்து ஆசிரியர் அறையில் இன்டர்னல் மார்க் பேச்சுதான். அதில் ஒரு பங்கை மாணவர்களே தங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் போடட்டும் என்ற யோசனை வந்ததும் நாங்கள் இரண்டு கட்சியாகிவிட்டோம். நான் எந்தக் கட்சி என்று எனக்கே சரியாகத் தெரியாததால் போன பருவத்தில் செய்து பார்த்தேன்.

28 கட்டுரைகள். பெயரை மறைத்து மாற்றிக் கொடுத்தேன். வந்ததெல்லாம் பத்துக்கு ஒன்பது, ஒன்பதரை. கையெழுத்தை எப்படி மறைப்பது? வேலந்தாவளத்திலிருந்து ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், தோழிக்கு ஐந்து போட்டுவிட்டு மறுநாள் அவள் பக்கத்தில் எப்படி உட்காருவார்கள்? தனக்குத்தானே போட்டதில் நேர்மாறு: வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் நாலு போட்டுக்கொண்டாள், நோட்ஸை அப்படியே இறக்கியவன் பத்து. பழைய ஆய்வுகளைத் திரட்டி 1989-இல் ஃபால்ச்சிகோவ், பௌட் என்ற கல்வி ஆய்வாளர்கள் எழுதியதிலும், கல்லூரியின் உயர்மட்டப் பாடங்களில்தான் மாணவர் தனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பீடு ஆசிரியருடையதை நெருங்கியது. என்னுடையவர்கள் முதலாண்டு.

மாணவர்களே மார்க் போடட்டும் என்கிற கட்சி நண்பர் உடனே 2000-இல் ஃபால்ச்சிகோவும் கோல்ட்ஃபின்ச்சும் 48 ஆய்வுகளை ஒப்பிட்டதை எடுத்துப்போடுவார். சரி, சக மாணவர் மார்க்கும் ஆசிரியர் மார்க்கும் ஓரளவு ஒத்துப்போகின்றன என்றுதான் அதில் இருக்கிறது. ஆனால் எப்போது? அளவுகோல் நன்றாகப் புரிந்து, கட்டுரையை மொத்தமாக எடைபோடும்போது. கூறு கூறாகப் பிரித்து மார்க் போடச் சொன்னால் அந்தப் பொருத்தம் குறைகிறது. மாணவர்கள் மார்க் போடுவதற்கான உங்கள் வரைவுப் படிவத்திலோ கூறுக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள் இருக்கின்றன.

அப்புறம் மார்க்கை எடுத்துவிட்டு, படித்து இரண்டு வரி மட்டும் எழுதச் சொன்னேன். பள்ளியில் மலையாள மீடியம் படித்த ஒரு பெண், தமிழ் மீடியம் பையனின் தாளில் இப்படி எழுதினாள்: "இந்த வாக்கியம் எனக்குப் புரியலை, நீ எழுதினதா, எங்கேயாவது எடுத்ததா?" பையன் முகம் சிவந்து, அந்தப் பத்தியை அன்றைக்கே திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். நான் சிவப்பு மையில் மூன்று தடவை எழுதியும் நடக்காதது.

ஆகவே மார்க்கில் சேர்க்காதீர்கள், ஆறு கட்டங்களை எடுத்துவிடுங்கள், ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வாரத்தில் ஒரு மணி நேரம் பாடவேளைக்குள்ளேயே கொடுங்கள். படிவத்தை முடிவு செய்யும் முன் ஒரு தடவை வந்தால் அந்த 28 தாள்களையும் காட்டுகிறேன், அலமாரியில்தான் இருக்கின்றன.