காரைச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூர்வீக வீட்டைப் புதுப்பிப்பது பற்றி இணைப்பிதழ்களில் ஒரே யோசனைதான் திரும்பத் திரும்ப வருகிறது: காரை (பழைய சுண்ணாம்புப் பூச்சு) உதிர்ந்த இடத்தைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுங்கள், மேலே எமல்ஷன் அடியுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவரைக் கெடுக்க இது போதும்.

அந்தச் சுவர்களுக்கு அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறி, காரை வழியே ஆவியாகிவிடும். சிமென்ட் அதை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே தங்கும். சில மழைக்காலம் போனதும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், 'டொப்'பென்று கேட்கும். பெயர்த்தால் பூச்சு பலகையாக வரும். அதன் முதுகில் செங்கல்லின் தோலும் ஒட்டியிருக்கும்.

சூளைச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது 15 நாள் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத குறுணைகள் சுவரில் போன பிறகு ஈரம் குடித்து வெடித்து, பயறு அளவில் குழி விழும். செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, முந்தின நாளே சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசலாம். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அடுத்ததற்கு ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். ஆகவே நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மெல்ல உலரவிடுங்கள். கத்திரி வெயிலில் பூசினால் வெடிப்பு நிச்சயம்.

'பிடிமானத்துக்கு' ஒரு சட்டி சிமென்ட் சேர்ப்பதும் ஆகாது. இதில் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியாது. மறுநாளே காய வேண்டும் என்று நிற்பவர் வீட்டுக்காரர். செட்டிநாட்டுப் பூச்சு என்றதும் எல்லோரும் முட்டையைத்தான் கேட்கிறார்கள். வெள்ளைக்கரு மேல்பூச்சின் வழவழப்புக்கு மட்டுமே.

மெட்ராஸ் ஒட்டுத் தளம் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக் கட்டிய பழைய மாடித் தளம்) ஒழுகினால் மேலே கான்கிரீட் கொட்டுவது இன்னும் மோசம். பாரம் கூடும், ஒளிந்த ஈரம் சுவருக்குள் புதைந்த தேக்குக் கட்டையின் முனையை மக்கடிக்கும். மேலே பதித்த தட்டோட்டைப் பெயர்த்து, அதன் அடியில் கெட்ட ஜல்லியை மட்டும் வெட்டியெடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் புதிதாகப் போட்டுக் கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்கும்போது தெளிக்க, 100 சதுர அடிக்கு 600 கிராம் கடுக்காயும் 200 கிராம் வெல்லமும் 40 லிட்டர் தண்ணீரில் ஊறவைப்பது வழக்கமான கணக்கு. கட்டை பதியாமல் எகிறும்வரை அடிக்க வேண்டும். பல நாள் பிடிக்கும்.

இனி யோசனை வெளியிடும்போது, முதலில் சாந்தை ஆணியால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணி வழுக்கினால் சிமென்ட். தண்ணீர் பட்டதும் செம்மண்ணாகக் கரைந்தால் மண்சாந்து. அதற்கும் சிமென்ட் பூச்சு ஆகாது.

இப்படிக்கு,
வாசகர்கள், காரைக்குடி