ஸ்பானிஷ் வினைச்சொல்லை தமிழ் இலக்கணம் வழியா சொல்லிக்குடுங்க

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ஸ்பானிஷ் பாடம் ஆரம்பிச்சது ரொம்ப நல்ல விஷயம், மனசார பாராட்டுறேன். சுமார் 20 நாட்டுல ஆட்சிமொழியா இருக்குற ஒரு மொழியை தமிழ்ல படிக்க ஒரு இடம் கிடைக்குறது சின்ன விஷயமில்ல. ஆனா போன வாரம் நிகழ்கால வினைச்சொல் பாடத்தை படிச்சதும் இதை எழுதியே ஆகணும்னு தோணிச்சு. நான் ஆன்லைன்ல காலேஜ் பசங்களுக்கும் வேலைக்குப் போறவங்களுக்கும் ஸ்பானிஷ் ஆரம்பப் பாடம் எடுக்குறேன், அவங்க எந்த எடத்துல தடுமாறுவாங்க எந்த எடத்துல சுலபமா புடிச்சிக்குவாங்கன்னு தினமும் பாக்குறவ.

உங்க பாடம் இங்கிலீஷ்காரங்களுக்கு எழுதின பாடத்தை அப்படியே தமிழ்ல மாத்தின மாதிரி இருக்கு. "ஆளுக்கு ஏத்த மாதிரி வினை ஆறு விதமா மாறும், கஷ்டம்தான், மனப்பாடம் பண்ணிக்கோங்க"ன்னு போட்டிருக்கீங்க. இங்கிலீஷ் பேசுறவங்களுக்கு அது கஷ்டம், சரி. நமக்கு என்ன கஷ்டம்? பேசுறேன், பேசுற, பேசுறோம், பேசுறீங்க, பேசுறாங்கன்னு மூணு வயசுக் குழந்தை கூட மாத்தி மாத்தி பேசுது. ஸ்பானிஷ்ல ஆப்லார்னா பேசுறது, அதுல கடைசி "ஆர்"ஐ எடுத்துட்டா மிச்சம் இருக்குறது பகுதி, அது கூட விகுதி சேந்து ஆப்லோன்னா பேசுறேன், ஆப்லாஸ்னா பேசுற, ஆப்லாமோஸ்னா பேசுறோம், அவ்வளவுதான். பத்தாவதுல படிச்ச பகுதி, விகுதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த வார்த்தையை வச்சே சொன்னா ஒரே வகுப்புல புரிஞ்சிடுது. நம்ம பேசுகிறேன்ல நடுவுல "கிறு"ன்னு இடைநிலை தனியா நின்னு காலத்தைக் காட்டும், ஸ்பானிஷ் நிகழ்காலத்துல அந்த நடுத்துண்டு கிடையாது, விகுதியே ஆளையும் காலத்தையும் சேத்து சொல்லிடும், இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் சொன்னா போதும்.

இன்னொண்ணு, எல்லா வரியிலயும் "யோ ஆப்லோ, தூ ஆப்லாஸ்"னு யோ (நான்), தூ (நீ)ங்குற பெயரையும் சேத்து அச்சடிச்சிருக்கீங்க. ஸ்பானிஷ்ல "யோ" பெரும்பாலும் வராது, விகுதியே ஆளைக் காட்டுறதால. நாம "வர்றேன்"னு சொல்லிட்டுப் போற மாதிரிதான் அவங்களும், "நான்தான் சொல்றேன்"னு அழுத்தி சொல்லும்போதுதான் யோ வரும். பாடத்துல இப்படிப் பழகினா பசங்க வாயில ஒவ்வொரு வாக்கியமும் யோ யோன்னு ஆரம்பிக்குது, அப்புறம் அதை விட வைக்குறது பெரிய பாடா இருக்கு.

தமிழ்க் காது ஏமாறுற எடத்தையும் சொல்லணும், அது உங்க பாடத்துல இல்ல. "ஆப்லான்"னு கேட்டதும் நம்ம ஆளுங்க எல்லாரும் "அவன் பேசுறான்"னு எடுத்துக்குறாங்க, ஆன் விகுதி நமக்கு அவன்தானே. ஸ்பானிஷ்ல அது "அவங்க பேசுறாங்க". அவன், அவ, அது மூணுக்கும் ஒரே "ஆப்லா"தான், ஆண் பெண் வித்தியாசம் வினையில வராது. அதே ஆப்லாவையே மரியாதையா "நீங்க"ன்னு கூப்பிடுற உஸ்தேத் கூடவும் போடுவாங்க. எதிர்ல நிக்குறவர்கிட்டயே "சார் என்ன சாப்பிடுறாரு?"ன்னு நாம கேக்குறது இல்லையா, அந்த வழக்கம்தான். உஸ்தேத்தே "உங்கள் கருணை"ங்குற மாதிரி ஒரு பழைய மரியாதைச் சொல் சுருங்கி வந்தது, அதான் படர்க்கை வினை.

ஆப்லாய்ஸ்னு அஞ்சாவது ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது ஸ்பெயின்ல நண்பர்கள் கூட்டத்தைப் பாத்து "நீங்கல்லாம் பேசுறீங்க"ன்னு சொல்றது. மெக்சிகோ, கொலம்பியா, பெரு பக்கமெல்லாம் அதுக்கு உஸ்தேதோட பன்மையான உஸ்தேதெஸ் போட்டு உஸ்தேதெஸ் ஆப்லான்தான். என்கிட்ட படிக்குறவங்கள்ல நிறைய பேர் மெக்சிகோ கம்பெனிக்காரங்க கூட போன்ல பேச வேண்டியவங்க, அவங்களுக்கு ஆப்லாய்ஸை முதல் நாளே திணிக்குறது வீண். பாத்தா அடையாளம் தெரியணும், அது போதும்னு ஒரு வரி போட்டிருக்கலாம்.

முக்கியமான விஷயம் இனிமேதான். கெரேர்னா விரும்புறது, ஆனா கியேரோன்னுதான் "எனக்கு வேணும்"னு சொல்லணும், கியேரெஸ், கியேரே, கியேரென், ஆனா "எங்களுக்கு வேணும்" வந்தா கெரேமோஸ். இதை "விதிவிலக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. அது விதிவிலக்கு இல்லீங்க, காரணம் இருக்கு. இந்த மாதிரி வினைகள்ல பகுதி மேல அழுத்தம் விழுந்தா உயிர் உடைஞ்சு "இயே" ஆகும், அழுத்தம் விகுதிக்குப் போயிட்டா பழையபடியே நிக்கும். பொதேர் (முடியுறது) புவேதோ (என்னால முடியும்) ஆகுறதும், பொதேமோஸ் மாறாம நிக்குறதும் இதே கணக்குதான். நமக்கு இதுக்கு பேரே இருக்கு, விகாரம். வந்தான்ல வா "வ"ன்னு குறுகுனதுன்னு எழுதி மார்க் வாங்கினவங்கதானே நாம எல்லாரும்.

ஆனா தமிழ்ல ஒரு சொல்லுக்குள்ள ஒரு எடத்தை மட்டும் அழுத்துற பழக்கம் பெருசா இல்லாததால நம்ம ஆளுங்க காதுல இது விழாமப் போயிடுது. ஆப்லோவை முன்னாடி அழுத்தினா "பேசுறேன்", பின்னாடி அழுத்தினா "அவர் பேசினார்", ஆளும் மாறிப்போச்சு, காலமும் மாறிப்போச்சு. அதனால தயவுசெஞ்சு அட்டவணையில அழுத்துற எழுத்தை மட்டும் தடிமனா அச்சடிங்க, பெரிய செலவு ஒண்ணும் ஆகாது. வாய்விட்டு படிக்கச் சொல்லுங்க, கண்ணால மட்டும் படிச்சா இது வராது.

அடுத்த வாரம் செர், எஸ்தார் வரும்னு அறிவிச்சிருக்கீங்க. ரெண்டுமே "இரு"தான்னு எழுதி விட்டுடாதீங்க. "நான் டீச்சர்"னு சொல்ல தமிழ்ல வினையே தேவையில்ல, ஸ்பானிஷ்ல செர்லேருந்து வர்ற சோய் கட்டாயம் வேணும், பசங்க அதை விட்டுடுவாங்க. "வீட்டுல இருக்கேன்", "டயர்டா இருக்கேன்"னா எஸ்தார்லேருந்து வர்ற எஸ்தோய். இது வரைக்கும் தமிழ் கை குடுக்கும், ஆனா "அவன் உயரமா இருக்கான்"னா எஸ்தார் வகை எஸ்தா கிடையாது, செர் வகை எஸ் போட்டு எஸ் ஆல்தோதான், ஏன்னா உயரம் அவனோட குணம் மாதிரி எப்பவும் கூடவே இருக்குறது. இந்த நாலு உதாரணத்தையும் பாடத்தோட ஆரம்பத்துலயே பக்கத்துல பக்கத்துல வச்சு போடுங்கன்னு கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்குற ஒரு வாசகி,
மதுரை