காயா ரொட்டி கப்கேக் ஆன கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி என்றால் முறுக்கு, பள்ளி விடுமுறை என்றால் சாக்லேட் கேக் என்று நம் சமையல் பக்கங்கள் ஒரே தடத்தில் ஓடுகின்றன. நம் பசியாறலையே கப்கேக் ஆக்கினால் என்ன?

பள்ளிக்கு அம்மா கட்டித் தந்தது காயா ரொட்டிதான். இரண்டு துண்டுக்கு நடுவில் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய காயா ஜாம், ஒரு சீவல் உப்பு வெண்ணெய். இடைவேளைக்குள் வெண்ணெய் இளகி ரொட்டியில் ஊறியிருக்கும், அந்த உப்புக்காகத்தான் காத்திருப்பேன்.

போன வாரம் அதையே கப்கேக்காகச் செய்து பார்த்தேன். வெண்ணெய், சர்க்கரை, மாவு தலா 125 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, தேங்காய்ப்பால் 2 மேசைக்கரண்டி. 180 டிகிரியில் 20 நிமிடம். முதல் தடவை காயாவை மாவுக்குள்ளேயே வைத்துவிட்டேன், அது அடியில் இறங்கி காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. கேக் ஆறிய பிறகுதான் நடுவில் குடைந்து நிரப்ப வேண்டும், அப்புறம் மேலே ஒரு சீவல் வெண்ணெய், அவ்வளவுதான், கிரீம் எல்லாம் வேண்டாம்.

பாண்டான் இலை சேர்த்த பச்சை நோன்யா வகைக் காயாவா, பழுப்பு ஹைனான் வகைக் காயாவா என்று வீட்டில் சண்டை. என் ஓட்டு பழுப்புக்கே. கருக்கிய சர்க்கரையின் லேசான கசப்பு கேக்கின் இனிப்பை அடக்குகிறது.

வாசகர்களின் சிறுவயது ரொட்டிகளை வாரம் ஒன்றாகப் போடுங்களேன். சார்டின் சாண்ட்விச்சை மட்டும் கப்கேக் ஆக்கச் சொல்லாதீர்கள்.

- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்