எத்தனை படி என்றும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழின் சுற்றுலாப் பக்கத்தை எங்கள் வீட்டில் விடாமல் படிக்கிறோம். எங்கே போகலாம், எந்த வண்டியைப் பிடிக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆனால், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது எதுவோ, அது வருவதில்லை. எத்தனை படி ஏற வேண்டும், நிழலில் உட்கார இடம் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம்? மூட்டுவலிக்காரர்களுக்கு இவற்றை வைத்துத்தான் பயணமே முடிவாகிறது.

சமீபத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தேன். குடியாத்தத்துக்காரர்களுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் பெரிய வசதி. காலையில் சென்ட்ரலில் இறங்கி, ஊர் சுற்றிவிட்டு, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்பிவிடலாம். அம்மாவுக்கு இரண்டே ஆசைகள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்க வேண்டும். கடலில் கால் நனைக்க வேண்டும்.

அரக்கோணம் தாண்டி நம் வண்டி கடந்து போகும் அதே திருவாலங்காடுதான். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இருக்கும் ஊர். கயிலையில் சிவனே 'அம்மையே' என்று அழைத்த காரைக்கால் அம்மையார், ஆடல் காண வந்து தங்கிய தலம். வழி நெடுக அம்மா அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். எழும்பூரில் அந்தச் செப்புத் திருமேனியின் முன்னால் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கைகூப்பி நெடுநேரம் நின்றார். அந்த நடராசருக்குச் சுற்றிலும் திருவாசி என்னும் தீச்சுடர் வளையம் கிடையாது, பறக்கும் விரிசடையும் கிடையாது. "திருவாசி இல்லாமயே சுத்தறாப்ல கீதுடா" என்றார். 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லாததை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் கால் கடுத்தபோது, பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி தேடி நான் அலைந்தேன்.

பேருந்துப் பயணம் நல்லபடியாகவே அமைந்தது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வெளியூர்க்காரரான அம்மாவும் கட்டணமில்லாமல்தான் போனார். நடுவில் ஒரு ரயில் நிலையத்தில் மட்டும் நகரும் படிக்கட்டு ஓடவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி ஏறினார். மேலே வந்ததும் கொஞ்ச நேரம் அவரால் பேசவே முடியவில்லை.

மெரினாவில் சாலையில் இறங்கினால் கடல் தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பிய தடுப்புச்சுவர்கள், கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தன. மறிபட்ட மணல் மெரினாவில் சேர்ந்துகொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. நாம் பெருமையாகச் சொல்லும் அந்த அகலம் அப்படி வந்ததுதான். ஓடியாடும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுத் திடல். கால் புதையப் புதைய நடக்க முடியாதவர்கள் சாலையோரமே உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மாநகராட்சி போட்ட மரப்பாதைதான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சீர்செய்யப்பட்டது. செலவு வீண் என்று அப்போது பேசியவர்கள் ஒரு மாலை அங்கே போய் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரும் எங்களோடு அலையோரம் வரை வந்தார். பாதை முடிந்த இடத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஈரமணலில் இறங்கினார். அலை வந்து போனதும் குனிந்து ஒரு கை நீரள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, என் தலையிலும் தெளித்தார். "நம்ம பாலாறு காஞ்சி கெடக்குது, இங்க இம்மாந் தண்ணி" என்றார்.

அந்தப் பாதையில் படம் எடுக்க வழிமறித்து நிற்கும் இளைஞர்கள், ஊன்றுகோலோடு வருகிறவர்களுக்குத் தயவுசெய்து ஒதுங்கி வழிவிட வேண்டும். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருப்பது எனக்குக் கடைசியில்தான் தெரியவந்தது. அதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. படியேற வேண்டியிருக்கும் என்று நினைத்து அதை முன்பே திட்டத்திலிருந்து எடுத்திருந்தேன். சுற்றுலாப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அம்மா மேலேயிருந்து அந்த நகரத்தையும் கடலையும் பார்த்திருப்பார்.

இந்தக் குறை நம் ஊரிலும் இருக்கிறது. வேலூருக்கு மருத்துவத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தாய் தகப்பனோடு எவ்வளவு பேர் வருகிறார்கள்! பரிசோதனை முடிவு வரும்வரை கோட்டையையும் ஜலகண்டேசுவரரையும் ஸ்ரீபுரத்தையும் பார்க்கப் போகிறார்கள். ஸ்ரீபுரத்தில் பொற்கோயிலை அடையும் நட்சத்திர வடிவப் பாதை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

எனவே உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே நடை தூரம், படிகள், இருக்கை, கழிப்பறை, சக்கர நாற்காலி வசதி ஆகிய விவரங்களைச் சிறு கட்டமாகப் போடுங்கள். வேலூர்க் கோட்டையிலிருந்தே தொடங்கலாம். உங்கள் செய்தியாளர் வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் உடன் வரத் தயார்.

இப்படிக்கு,
குடியாத்தம் வாசகர் ஒருவர்