'அன்ரெஸ்டோர்டு' என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு? ஆன்லைன் கார் ஏலக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஏலத்தில் எடுத்த பழைய வண்டி தலைப்பில் சொன்னபடி இல்லை என்று போன மாதம் உங்களில் ஒருவருக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். நான்கு வரியில் பதில் வந்தது. வண்டி இருந்தது இருந்தபடியே விற்கப்பட்டது, விவரங்களுக்கு விற்றவரே பொறுப்பு, நன்றி. பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் வேறு யாருக்கு எழுதியிருந்தாலும் இதே நான்கு வரிதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் இந்த முறை தமிழில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். டெட்ராய்ட்டைச் சுற்றிக் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மாட்கள் சிலருக்கு என்னைப் போலவே இந்தப் பழைய வண்டிப் பைத்தியம் உண்டு. ஏலம் கேட்கும் பொத்தானை அமுக்குமுன் அவர்களாவது படிக்கட்டும்.

நான் வாங்கியது 1969 பிளிமத் ரோடு ரன்னர். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1964-ல் போன்டியாக் கம்பெனி, ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, நடுத்தர அளவு வண்டிக்குள் 389 கன அங்குல இன்ஜினைத் திணித்து ஜிடிஓ என்று விற்றது. அந்த அளவு வண்டியில் 330-க்கு மேல் போகக் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. தனி மாடல் என்று சொல்லாமல் ஆப்ஷன் என்று சொல்லி விதியைத் தாண்டினார்கள். 'மசில் கார்' என்ற கூத்து அங்கேதான் சூடு பிடித்தது. இன்சூரன்ஸ் கட்டணமும் புகை விதிகளும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பத்து வருடத்துக்குள் அதை முடித்துவைத்தன. ரோடு ரன்னர் அந்தக் கூட்டத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை. 1968-ல் வந்தபோது 3,000 டாலருக்குள் விலை, உள்ளே சொகுசு எதுவும் கிடையாது, ஆனால் 383 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், 335 குதிரைத்திறன். ரோடு ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹாரனை அமுக்கினால் அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும். நாற்பத்தைந்து வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

உங்கள் தளத்தில் தலைப்பு இப்படி இருந்தது: 'அன்ரெஸ்டோர்டு, ஒரிஜினல் பெயிண்ட்'. அதாவது யாரும் புதுப்பிக்காத, ஆலையில் அடித்த பெயிண்டோடே இருக்கும் வண்டி. படங்கள் 180-க்கு மேல். 41,000 டாலருக்கு ஏலம் முடிந்தது. உங்கள் ஐந்து சதவீதம் 2,050.

வண்டி லாரியில் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாத்தா கைத்தடியோடு வந்தார். இருபது வயதில், பிளிமத் வண்டிகள் செய்த டெட்ராய்ட் லிஞ்ச் ரோடு ஆலையில் சேர்ந்து, 1981-ல் அது மூடும்வரை இருந்தவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், பெயிண்டின் தடிமனை அளக்கும் சின்ன மீட்டரோடு திரும்பி வந்தார். கூரையில் வைத்தார்: 110 மைக்ரான். பானெட்டில் 120. ஆலையில் அடித்த பெயிண்ட் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். வலது பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் வைத்தார்: 640. இரண்டு விரல் தள்ளி வைத்தார்: 710. என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். நம்மூர் ஒர்க்‌ஷாப் பையனாக இருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பான்: பட்டி. பள்ளத்தை நிரவிப் பூசும் கலவை.

அப்புறம் டிக்கி. உள்ளே விரித்திருந்த மேட்டை உருவிப்போட்டார். வலது மூலைத் தகடு புதுசு. வெல்டிங் தையலை மறைக்கக் கறுப்புப் பூச்சு கெட்டியாக அப்பியிருந்தது, மாட்டுக்கொட்டில் சுவரில் வறட்டி அடித்த மாதிரி. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். இந்தப் பக்கம் ஐம்பது குளிர்காலம் கண்ட வண்டியின் மூலைகளில் துருவே இல்லை என்றால் முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பின் சீட்டைக் கழற்றியபோது ஸ்பிரிங்குக்குள் எலி கடித்த ஒரு தாள் கிடைத்தது. எந்த இன்ஜின், எந்த நிறம், எந்த சீட் என்று ஆலையில் வண்டியோடு சுற்றும் பிராட்காஸ்ட் ஷீட் அது. ஆனால் அதில் இருந்தது வேறொரு வண்டியின் நம்பர். எனக்கு நெஞ்சு அடைத்தது, தாத்தா சிரித்தார். ஷிப்ட் முடியும் நேரத்தில் கையில் எந்தத் தாள் இருந்ததோ அதைச் செருகுவார்களாம். பிறகு ரேடியேட்டர் தாங்கும் சட்டத்திலும் டிக்கியின் உதட்டிலும் துருப்பிடித்த தகட்டைத் துணியால் துடைத்து, அங்கே அடித்திருந்த நம்பரை டார்ச் அடித்துப் படித்தார். இன்ஜின் பிளாக்கிலும் பார்த்தார். மூன்றும் டாஷ்போர்டில் உள்ள வின் நம்பரோடு, அதாவது வண்டியின் அடையாள எண்ணோடு, ஒத்துப்போயின.

ஆக, வண்டி ரோடு ரன்னர்தான். இன்ஜினும் அதோடு பிறந்ததுதான். 'அன்ரெஸ்டோர்டு' மட்டும்தான் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காக நான் கூடுதலாகக் கொடுத்தது, என் கணக்கில், பத்தாயிரம் டாலருக்குக் குறையாது.

விற்றவர் பொய் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. 'நான் வைத்திருந்த ஆறு வருடத்தில் ரீஸ்டோர் செய்யவில்லை, எனக்குத் தெரிந்தவரை ஒரிஜினல் பெயிண்ட்' என்றுதான் எழுதியிருந்தார். அந்த 'எனக்குத் தெரிந்தவரை'யை விட்டுவிட்டு மீதியைத் தலைப்பில் ஏற்றியது உங்கள் ஆட்கள். தலைப்பை எழுதுவது நீங்கள், படங்களை வரிசைப்படுத்துவது நீங்கள், பொறுப்பு மட்டும் விற்றவருடையது என்றால் எப்படி?

அந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு விலை என்று வீட்டில் கேட்டார்கள். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ரீஸ்டோர் செய்த வண்டி ஆலையில் இருந்து வந்ததைவிட அழகாக இருக்கும், சிக்கலே அதுதான். ஆலையில் பெயிண்ட் வழிந்த தடம், இன்ஸ்பெக்டர் மெழுகுச் சாக்பீஸால் போட்ட கோடு, இன்ஜினுக்குப் பின்சுவரில் தூரிகையால் வைத்த மஞ்சள் பொட்டு, இவையெல்லாம் ஒருமுறை சுரண்டினால் போனது போனதுதான். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமி நகரில் ஒரு 1968 மஸ்டாங் ஏலம் போனது. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிய வண்டி. 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கிய குடும்பம் அதைப் புதுப்பிக்காமலே வைத்திருந்தது. நிறம் மங்கி, துருவோடு, தழும்போடு மேடை ஏறிய அதற்கு விழுந்த விலை 34 லட்சம் டாலர், கட்டணம் தனி. அது நேரடி ஏலம், சினிமா வண்டி, அதை என் வண்டியோடு ஒப்பிட முடியாது. ஆனால் அதைப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்திருந்தால் பாதிப் பேர் கையை இறக்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அதற்கு முன்னால் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். மாடு முட்டும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தரகு வாங்கியவன் அடுத்த வாரம் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. நீங்களும் தரகுதான் வாங்குகிறீர்கள். தொலைவில் இருக்கும் என்னால் பல்லைப் பிடிக்க முடியாது, உங்கள் படங்கள்தான் எனக்குக் கண். 180 படத்தில் டாஷ்போர்டு மட்டும் பதினெட்டு. டிக்கி மேட்டுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'அன்ரெஸ்டோர்டு', 'சர்வைவர்', 'ஒரிஜினல் பெயிண்ட்' என்ற சொற்களைத் தலைப்பில் போட விரும்பும் விற்பனையாளர், மீட்டரைக் கையில் பிடித்து வண்டியைச் சுற்றி நடந்து ஒரு வீடியோ எடுக்கட்டும். மீட்டர் நூறு டாலருக்குள் கிடைக்கிறது. மேட்டைத் தூக்கி டிக்கி மூலைகளைக் காட்டட்டும். கூரைமேல் வினைல் உறை ஒட்டிய வண்டி என்றால் பின் கண்ணாடியின் அடிவிளிம்பையும் காட்டட்டும், தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும் இடம் அதுதான். முடியாது என்றால் விற்கட்டும், தாராளமாக. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடட்டும்.

காகிதமும் அப்படியே. எல்லா வண்டிக்கும் ஒரே கேள்வி கேட்டால் போதாது. ரோடு ரன்னர் என்றால் வின் நம்பரின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970 ஷெவர்லே கம்பெனியின் ஷெவல் எஸ்எஸ் வாங்குகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அங்கே எஸ்எஸ் என்பது சாதாரண ஷெவல் மாலிபுவின்மேல் கேட்டு வாங்கும் ஆப்ஷன், வின் நம்பர் 'மாலிபு, வி8' என்பதோடு நின்றுவிடும். அதனால்தான் சாதாரண மாலிபுகள் பல போலி எஸ்எஸ் ஆகிவிட்டன. 1964, 65 ஜிடிஓவும் இதே கதை, ஆனால் அதற்கு போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் பழைய பில் நகல் வாங்கலாம். ஃபோர்டு 1967-லோ அதற்குப் பிறகோ வந்தது என்றால், ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. இதெல்லாம் உங்கள் ஆட்களுக்கு அத்துப்படி. கேட்டு வாங்கிப் போட வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்று. கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் கடிகாரத்தை மறுபடி இரண்டு நிமிடத்துக்குத் தள்ளிவைக்கிறீர்கள், நல்ல விதி. பணத்துக்கு நிற்கும் கடிகாரம் கேள்விக்கு நிற்பதில்லை. என் ஏலத்தின் ஐந்தாம் நாள் ஒருவர் டிக்கியின் அடிப்பக்கப் படம் கேட்டிருந்தார். 'சூப்பர் க்ளீன், நாளை போடுகிறேன்' என்று பதில். அந்த நாளை வரவே இல்லை, ஏலம் முடிந்துவிட்டது. படம் வரும்வரை ஒரு நாள் தள்ளிவைத்திருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்?

வண்டி என் கராஜில்தான் நிற்கிறது. பட்டியைச் சுரண்டப்போவதில்லை, மறுபடி பெயிண்ட் அடிக்கப்போவதும் இல்லை. ஒருநாள் விற்கத்தான் வேண்டும், அநேகமாக உங்களிடமே வருவேன். நேற்று ராத்திரி விற்பனைப் படிவத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். நிறத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, டயர் தேதிக்கு ஒரு கட்டம், எத்தனை சாவி என்பதற்குக்கூட ஒரு கட்டம். 'வலது பின் தகட்டில் பட்டி, 640 முதல் 710 மைக்ரான். டிக்கி வலது மூலை மாற்றியது' என்று நான் எழுதக் கட்டம் இல்லை. முதலில் அதைச் சேர்த்துவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் ஏலம் எடுத்த ஒருவன்